காம்பவுண்ட் வில்லில் அம்பு சிதறுகிறதா? சைட்டைத் திருகும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

"அண்ணா, சைட் ஓடிப்போச்சுண்ணா." வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, வியாசர்பாடி பக்கமிருந்து காம்பவுண்ட் வில் (முனைகளில் கப்பி வைத்த வில்) பழகப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சொல்லி முடிப்பதற்குள் கை ஆலன் கீயைத் தேடும். சைட் என்பது வில்லில் குறி பார்க்கும் கருவி. நல்ல சைட் லேசில் ஓடாது, அதாவது இடம் மாறாது. ஓடியது வேறு ஏதாவதாக இருக்கும். அது என்னவென்று தெரியாமல் சைட்டைத் திருகினால், பிழை இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் மேல் இன்னொரு பிழையும் ஏறிக்கொள்ளும்.

அதனால் இந்த வழிகாட்டியில் சைட் கடைசியில்தான் வரும். முதலில் அம்பு, அப்புறம் வில்லின் பாகங்கள், பிறகு உங்கள் உடம்புக்கேற்ற அளவு, பிறகு கையும் ரிலீஸும் (நாணைப் பிடித்து விடும் கருவி), பிறகு ட்யூனிங் (அம்பு நேராகப் புறப்படும்படி வில்லைச் சரிப்படுத்துவது). ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியை நம்பி நிற்கிறது. விரிசல் விட்ட அம்பை வைத்துக்கொண்டு ட்யூனிங் செய்தால் அரை நாள் வீண். இடது, வலது என்று சொல்லும் இடங்களில் வலக்கைப் பழக்கக்காரரை மனதில் வைத்திருக்கிறேன். இடக்கைக்காரர்கள் திருப்பிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆலன் கீ. அமெரிக்க கம்பெனி வில்களில் பெரும்பாலும் அங்குல அளவுத் திருகுகள்தான். பாரிமுனை ஹார்டுவேர் கடையில் வெறுமனே ஆலன் கீ செட் என்று கேட்டால் மில்லிமீட்டர் செட்டை எடுத்து நீட்டுவார்கள். 'இஞ்ச் செட்' என்று கேட்டு வாங்குங்கள். 7/64 அங்குலத் திருகுக்குள் 2.5 மி.மீ. கீ போய்விடும், ஆனால் ஆடும். இரண்டு முறை அழுத்தித் திருகினால் உள்ளே ஆறு மூலையும் மழுங்கிவிடும். அதற்குப் பிறகு அந்தத் திருகைக் கழற்றுவது தனி வேலை.

அடுத்தது கொக்கித் தராசு. காசிமேட்டில் மீன் நிறுக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு. வில்லின் இழுவிசையை அளக்க அது போதும். 50 பவுண்ட் என்பது 22.7 கிலோ, 60 பவுண்ட் 27.2 கிலோ. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பு 60 பவுண்ட்.

அம்பை நிறுக்க அந்தத் தராசு உதவாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். சௌகார்பேட்டைப் பக்கம் கிடைக்கும். ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம். 0.1 கிராம் மட்டும் காட்டும் தராசு ஒன்றரை கிரெய்ன் வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

மீதியெல்லாம் வீட்டிலேயே இருப்பவை: இஞ்ச் டேப், வெள்ளை மார்க்கர், சின்ன ரசமட்டம், முகத்துக்குப் போடும் பவுடர், பழைய செய்தித்தாள், ஒரு நோட்டு. பக்கத்தில் நின்று கேமை (வில்லின் முனையில் சுழலும் கப்பி) பார்க்கவும் போனில் வீடியோ எடுக்கவும் ஓர் ஆள்.

2. செய்யவே கூடாதவை

அம்பு மாட்டாமல் இழுத்து விடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க லிம்பிலும் (வில்லின் வளையும் மேல், கீழ்ப் பகுதி) கேமிலும் இறங்கும். லிம்ப் பிளக்கலாம், ஸ்ட்ரிங் (நாண்) கேமை விட்டுத் தெறிக்கலாம். 'சும்மா பார்க்கிறேன்' என்று நண்பன் கையில் வில்லைக் கொடுக்கும்போதுதான் இது நடக்கிறது.

மொட்டை மாடியில் பரிசோதனை வேண்டாம். நம் பக்கம் மாடிக்கு மாடி ஒட்டியிருக்கும், துணி காயப்போட யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. இந்த வழிகாட்டியில் வரும் எல்லா எய்தலும் பின்னால் தடுப்பு இருக்கும் பயிற்சித் திடலில் செய்ய வேண்டியவை.

போ பிரஸ் (லிம்பை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் ஸ்ட்ரிங்கையோ கேபிளையோ (கேம்களை இணைக்கும் கயிறு) கழற்றக் கூடாது.

3. சிதறலைப் படியுங்கள்

20 மீட்டரில் நில்லுங்கள். நேராக 50 மீட்டருக்குப் போவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. தூரம் கூடினால் காற்றும் களைப்பும் கலந்துவிடும், எது காரணம் என்று பிரிக்க முடியாது. ஆறாறு அம்பாக மூன்று சுற்று எய்யுங்கள். அம்பு எங்கே போனாலும் சைட்டைத் தொடாதீர்கள், குறி வைக்கும் புள்ளியையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், அம்பைப் பிடுங்கும் முன் போட்டோ எடுங்கள். அம்பில் எண் எழுதியிருக்க வேண்டும். அது ஏன் என்பது கீழே வருகிறது.

இனி போட்டோக்களைப் பாருங்கள்.

எல்லா அம்பும் நெருக்கமாக, ஆனால் நடுவை விட்டு விலகி இருக்கிறதா? வில்லும் நீங்களும் நன்றாகவே இருக்கிறீர்கள். நேராக 9ஆம் படிக்குப் போகலாம். பத்தில் ஒருவருக்குத்தான் இந்த யோகம்.

மேலும் கீழுமாக நீண்டு கிடக்கிறதா? கேம் டைமிங் (இரண்டு கேமும் ஒரே நேரத்தில் முட்டுவது), இழுப்பை முட்டும் இடத்தில் உறுதியாகப் பிடிக்காமல் தளர விடுவது, டி-லூப் (ரிலீஸை மாட்ட ஸ்ட்ரிங்கில் கட்டிய சின்ன வளையம்) நகர்வது, அம்புகளின் எடை வித்தியாசம் ஆகியவற்றில் ஒன்று. 4, 5, 7ஆம் படிகளைக் கவனமாகப் பாருங்கள்.

இடமும் வலமுமாகப் பரவிக் கிடக்கிறதா? முதல் சந்தேகம் வில் பிடிக்கும் கை. அடுத்தது ரிலீஸின் ட்ரிகரைச் சட்டென்று குத்துவது, அதற்கடுத்தது வில் சாய்வது. கருவியின் தவறு இங்கே குறைவு.

இரண்டு தனித்தனிக் கூட்டமா? நாலு அம்பு ஓரிடம், இரண்டு அம்பு கையகலம் தள்ளி இன்னோரிடம். ஏதோ ஒன்று இரண்டு நிலையில் மாறி மாறி நிற்கிறது என்று அர்த்தம். தளர்ந்த திருகு, தாடையில் இரண்டு இடத்தில் ஊன்றும் கை, ரெஸ்டை (அம்பு தாங்கி) உரசும் இறகு என்று தேடுங்கள். எல்லா வகைச் சிதறலிலும் இதுதான் கண்டுபிடிக்கச் சுலபமானது. பார்த்ததும் சந்தோஷப்படுங்கள்.

ஒரே ஓர் அம்பு மட்டும் தனியாக ஓடுகிறதா? மூன்று போட்டோவிலும் அதன் எண்ணைப் பாருங்கள். ஒரே எண் என்றால் அம்பின் குற்றம். வேறு வேறு எண் என்றால் எய்தவர் குற்றம்.

ஒரு வடிவமும் இல்லாமல் நாலா பக்கமும் சிதறியிருந்தால், பெரும்பாலும் டிரா லெங்த் (வில்லை இழுக்கும் நீளம்) தவறாக இருக்கும், அல்லது உங்களுக்கு வில் மிகவும் கனம். 6ஆம் படி உங்களுக்குத்தான். ஆனாலும் 4ஐயும் 5ஐயும் தாண்டிப் போகாதீர்கள்.

4. அம்பு

முதல் வேலை விரிசல் பார்ப்பது. கார்பன் அம்பை இரண்டு முனையிலும் பிடித்து மெதுவாக வளையுங்கள், காதுக்கருகில் வைத்துக் கேளுங்கள். கால் சுற்று திருப்பி மறுபடி வளையுங்கள். இப்படி நாலு பக்கமும். 'டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தாலோ, விரலால் நீவும்போது நார் குத்தினாலோ அந்த அம்பை உடைத்துக் குப்பையில் போடுங்கள். எய்யும்போது அது உடைந்தால் சில்லு வில் பிடித்த கையில் ஏறும். விலை அதிகமாயிற்றே என்று பையில் திரும்ப வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பையில் வைத்தால் என்றாவது ஒரு நாள் அதையும் எய்துவிடுவீர்கள், அதனால்தான் உடைக்கச் சொல்கிறேன்.

அடுத்து நாக், அதாவது அம்பின் பின்முனையில் ஸ்ட்ரிங்கில் மாட்டும் பிளவுத் துண்டு. ஸ்ட்ரிங்கில் மாட்டும்போது 'க்ளிக்' என்று உட்கார வேண்டும். ஆனால் அம்பு தொங்கும் நிலையில் ஸ்ட்ரிங்கை விரலால் லேசாகத் தட்டினால் கழன்றுவிட வேண்டும். இறுக்கமாக இருந்தால் அம்பு புறப்படும்போது நாக் இழுபடும். ஒரு செட்டில் பாதி அம்புக்குப் பழைய நாக், பாதிக்குப் புதிது என்று இருந்தால் இரண்டு கூட்டம் விழுவதில் ஆச்சரியமில்லை.

முனை தளர்ந்திருக்கிறதா பாருங்கள். வெயிலில் கிடந்த அம்பில் ஹாட் மெல்ட் பசை இளகி, பட்டிலிருந்து (அம்பு குத்தி நிற்கும் தடுப்பு) பிடுங்கும்போது முனை அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். உள்ளங்கையில் முனையை ஊன்றி அம்பைச் சுழற்றுங்கள். அதிர்வு தெரிந்தால் முனை கோணலாக இருக்கிறது.

பிறகு எடை. ஒரே கம்பெனி, ஒரே நீளம் என்று நம்பாமல் எல்லாவற்றையும் நிறுங்கள். சாதாரண டார்கெட் அம்பில் 5 கிரெய்ன் வித்தியாசம் 50 மீட்டரில் ஏறக்குறைய 2 செ.மீ. உயரத்தை மாற்றும். பத்தாம் வளையத்தின் குறுக்களவே 8 செ.மீ.தான். 2 கிரெய்னுக்குள் வரும் அம்புகளை ஒரு செட்டாக்குங்கள், மீதியைக் கிட்டத்துப் பயிற்சிக்கு வையுங்கள்.

ஸ்பைன், அதாவது அம்பின் விறைப்பைக் காட்டும் எண், பற்றி ஒரு வார்த்தை. எண் சிறிதானால் அம்பு விறைப்பு அதிகம். 400 என்பது 500ஐ விட விறைப்பானது. உங்கள் இழுவிசைக்கும் அம்பின் நீளத்துக்கும் எது பொருந்தும் என்று கம்பெனி அட்டவணை சொல்லும். சீனியர் ஒருவர் கொடுத்த பழைய அம்பை, கொடுத்தாரே என்பதற்காக, 40 பவுண்ட் வில்லில் எய்துகொண்டிருந்தால் எந்த ட்யூனிங்கும் காப்பாற்றாது.

5. வில்லின் பாகங்கள்

வில்லை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர், மணலி ரோட்டில் வருகிறவர்கள் இந்தப் படியை வாரம் ஒருமுறையாவது செய்ய வேண்டும். குண்டும் குழியும் திருகுகளை நகர்த்தும். ஸ்கோப் (சைட்டின் லென்ஸ் வளையம்) கம்பி, சைட் பிராக்கெட், ரெஸ்ட், ஸ்டேபிலைசர் (வில்லை ஆடாமல் நிறுத்தும் தண்டு), கேபிள் கார்டு (கேபிளை அம்பின் வழியிலிருந்து தள்ளி வைக்கும் கம்பி) என்று ஒவ்வொன்றையும் கீயால் தொட்டுப் பாருங்கள். இறுக்க வேண்டியதில்லை, அசைகிறதா என்று பார்த்தால் போதும். அசைந்த திருகை இறுக்கியதும் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். அடுத்த முறை கோடு பிரிந்து தெரிந்தால் மறுபடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு தொல்லை. எஃகுத் திருகுகள் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகுகளில் மட்டும் துளி எண்ணெய் விடுங்கள். ஸ்ட்ரிங்கில் எண்ணெய் படக் கூடாது. அதற்கு மெழுகுதான்.

ஸ்ட்ரிங்கில் மூன்று இடம் பாருங்கள். நாக் மாட்டும் இடத்தில் சர்விங் நூல் (ஸ்ட்ரிங்கின் மேல் சுற்றிய காப்பு நூல்) பிரிந்து உள்நூல் தெரிகிறதா? கேமுக்குள் நுழையும் இடத்தில் இழை எழும்பி முடி மாதிரி நிற்கிறதா? டி-லூப்பை விரலால் சுழற்றினால் சுற்றுகிறதா? லூப் ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ போனால் அம்பின் உயரம் மாறிவிடும். லூப் முடிச்சுக்கு மேலும் கீழும் சர்விங்கில் மார்க்கர் புள்ளி வைத்துவிட்டால் நகர்ந்ததை ஒரே பார்வையில் பிடிக்கலாம்.

லிம்ப் போல்ட் இரண்டும் ஒரே அளவு திரும்பியிருக்க வேண்டும். மேலே ஒரு சுற்று, கீழே முக்கால் சுற்று என்று இருந்தால் கேம்களுக்கிடையே ஒத்திசைவு கெடும். மெதுவாக முழுக்க உள்ளே திருகிவிட்டு, இரண்டையும் எண்ணி ஒரே அளவு வெளியே எடுங்கள். எவ்வளவு வரை வெளியே எடுக்கலாம் என்பதற்கு உங்கள் வில்லின் கையேட்டில் வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் லிம்ப் பிடியை விட்டு வந்துவிடும்.

பிறகு டேப் எடுங்கள். ஆக்ஸில் (கேம் சுழலும் அச்சு) முதல் ஆக்ஸில் வரை ஓர் அளவு, ஸ்ட்ரிங்கிலிருந்து கைப்பிடியின் ஆழமான பகுதி வரை ஓர் அளவு. பின்னது பிரேஸ் ஹைட். தராசை டி-லூப்பில் மாட்டி உச்ச இழுவிசையையும் பாருங்கள். மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். கம்பெனி சொன்ன எண்ணோடு ஒப்பிடுவதை விட, உங்கள் வில் நன்றாக எய்த நாளின் எண்ணோடு ஒப்பிடுவது பயன் தரும்.

கேம் டைமிங் பார்க்க ஆள் வேண்டும். இரண்டு கேம் உள்ள வில்லில், முழுக்க இழுக்கும்போது மேல் ஸ்டாப்பும் கீழ் ஸ்டாப்பும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். நீங்கள் அம்பு மாட்டி, டார்கெட்டை நோக்கி மெதுவாக இழுங்கள். நண்பர் பக்கவாட்டில், எய்யும் கோட்டுக்குப் பின்னாலிருந்து வீடியோ எடுக்கட்டும். மேல் கேம் முட்டிய பிறகும் கீழ் கேம் திரும்பிக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் மேல் கீழ்ச் சிதறல். சரிசெய்ய கேபிளில் அரை முறுக்கு, ஒரு முறுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். பிரஸ் இருக்கும் இடத்தில் கொடுத்துச் செய்யுங்கள்.

6. உங்கள் உடம்புக்கேற்ற அளவு

இரண்டு கையையும் விரித்து, நடுவிரல் நுனி முதல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுங்கள். கை விரித்த அகலம் 170 செ.மீ. என்றால் 66.9 அங்குலம், டிரா லெங்த் சுமார் 26.8 அங்குலம். இது தொடக்கக் கணக்கு. அங்கிருந்து அரை அங்குலம் முன்பின் போகலாம்.

புதியவர்களின் வில் நீளமாகவே இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அண்ணனிடமிருந்து வந்தது, 'வளருவான்' என்று பெரிதாக வாங்கியது. நீளமான வில் ஆளைப் பின்னால் சாய்க்கும், ஸ்ட்ரிங் கன்னத்தில் அழுந்தும், வில் பிடித்த தோள் மேலே ஏறும். பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் போதும். முதுகுத்தண்டு நேராக நிற்கிறதா? இழுத்த கையின் முழங்கை அம்பின் கோட்டிலேயோ கொஞ்சம் மேலேயோ இருக்கிறதா? முழங்கை அந்தக் கோட்டைத் தாண்டி முதுகுப் பக்கம் போயிருந்தால் வில் நீளம்.

சிலர் நீளத்தைச் சமாளிக்க டி-லூப்பைச் சின்னதாக்குவார்கள். லூப் மாறினால் கை ஊன்றும் இடம் மாறும், ஸ்ட்ரிங் முகத்தில் படும் இடம் மாறாது. நீளத்தைக் கேமின் மாட்யூலில்தான் (இழுக்கும் நீளத்தை நிர்ணயிக்கும் துண்டு) மாற்ற வேண்டும்.

கனம் அதிகமா என்று பார்க்க ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, அம்பு மாட்டி, வில்லை டார்கெட்டுக்கு நேராகப் பிடித்தபடியே இழுங்கள். வானத்தைப் பார்த்துத் தூக்கித்தான் இழுக்க முடிகிறது என்றால் இரண்டு மூன்று பவுண்ட் குறையுங்கள். ஊரில் சிலர் இதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்கிறார்கள். டார்கெட்டுக்கு உங்கள் பவுண்ட் எண் தெரியாது.

7. கை, முகம், ரிலீஸ்

கைப்பிடி கட்டைவிரல் மேட்டில், ஆயுள் ரேகைக்குக் கட்டைவிரல் பக்கமாக உட்கார வேண்டும். விரல்கள் பிடிக்கக் கூடாது, தொங்க வேண்டும். பேருந்துக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் வில் திருகும், அம்பு இடமும் வலமுமாகப் போகும். விரலைத் தளர்த்தினால் வில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பிடிக்கிறார்கள். மணிக்கட்டில் ஒரு ஸ்லிங் (வில் விழாமல் தாங்கும் வார்) மாட்டுங்கள், பயம் போய்விடும். வியர்வையும் இங்கே ஒரு காரணம். நம் ஊர் ஈரப்பதத்தில் நாலு அம்புக்குள் உள்ளங்கை வழுக்கும். ஒவ்வொரு அம்புக்கும் முன் துடைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தில் குறைந்தது இரண்டு தொடு இடம் வேண்டும். கை தாடை எலும்பில் ஓர் இடம், ஸ்ட்ரிங் மூக்கு நுனியில் ஓர் இடம். பிறகு பீப் துளையின் (ஸ்ட்ரிங்கில் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை) வட்டத்துக்குள் ஸ்கோப்பின் வெளி வட்டம் சரியாக நடுவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிலாப் பிறை மாதிரி இடைவெளி தெரிந்தால் தலை நகர்ந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, வசதியாக ஊன்றி, பிறகு கண்ணைத் திறங்கள். பீப் நேராகக் கண்ணுக்கு முன்னால் இல்லையென்றால் நகர வேண்டியது பீப்தான். பீப்புக்காகக் கழுத்தை வளைத்துப் பழகினால், களைத்த நேரத்தில் கழுத்து பழைய இடத்துக்குப் போய்விடும்.

ரிலீஸ்தான் பெரிய விஷயம். நடுவில் புள்ளி வந்ததும் 'இப்போ!' என்று விரல் ட்ரிகரைக் குத்துகிறது. அந்த நொடியில் தோள் குலுங்குகிறது, வில் கை கீழே போகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நண்பர் உங்கள் விரலை மட்டும் பெரிதாக வீடியோ எடுக்கட்டும். விரல் மெதுவாக அழுத்தம் ஏற்றுகிறதா, சட்டென்று பாய்கிறதா என்று ஸ்லோ மோஷனில் தெரிந்துவிடும்.

திருத்தம் ஃபேஸ் பேப்பர் (வளையங்கள் அச்சிட்ட தாள்) இல்லாத வெறும் பட்டில். மூன்று மீட்டரில் நின்று, இழுத்து ஊன்றி, முதுகுத் தசையால் இழுப்பைத் தொடர்ந்துகொண்டே ரிலீஸ் தானாக விடட்டும். குறியே இல்லாததால் 'இப்போ' என்று சொல்ல மனதுக்கு வேலை இருக்காது. சில வாரம் இதைச் செய்யச் சொன்னால் பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இதைச் செய்யாமல் ரிலீஸ் மாடலை மாற்றி மாற்றி வாங்குபவர்களுக்குப் பணம்தான் கரைகிறது.

இழுத்த பின் முட்டும் இடத்தில் உறுதியாக நிற்பதும் இதோடு சேர்ந்தது. படுக்கை வாட்டில் ஒரு டேப் ஒட்டி, அதையே குறி வைத்து மூன்று அம்பு நன்றாக இழுத்துப் பிடித்தும், மூன்று அம்பு ஒரு நூல் தளரவிட்டும் எய்யுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் விழுந்தால் கேம் டைமிங் நன்றாக இருக்கிறது. உயரம் மாறினால் டைமிங்கையும் பார்க்க வேண்டும், பழக்கத்தையும் திருத்த வேண்டும்.

8. ட்யூனிங்

இதுவரை சொன்ன எல்லாம் சரியான பிறகே இது. கை திருகும் ஆளின் வில்லை ட்யூன் செய்தால், திருகலுக்கு ஏற்ற மாதிரி வில் ட்யூன் ஆகும். நாளைக்குக் கை சரியானால் வில் தப்பாகிவிடும்.

முதலில் உரசல் பாருங்கள். இறகிலும் ரெஸ்டிலும் பவுடர் தூவி ஓர் அம்பு எய்யுங்கள். ரெஸ்டில் பவுடர் வழித்த கோடு தெரிந்தால் இறகு உரசுகிறது. நாக்கைக் கொஞ்சம் திருப்பி, இறகு ரெஸ்டைத் தாண்டிப் போகும்படி வையுங்கள். எல்லா அம்பிலும் அதே திருப்பம்.

அடுத்து காகிதச் சோதனை. செய்தித்தாளைச் சட்டத்தில் இறுக்கி ஒட்டி, அதற்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் பட் இருக்கட்டும். இரண்டு மீட்டரிலிருந்து, அம்பு தரைக்கு இணையாகப் போகும்படி எய்யுங்கள். முனை போட்ட ஓட்டையும் இறகு போட்ட கிழிசலும் ஒன்றன் மேல் ஒன்று இருந்தால் நல்லது. இறகுக் கிழிசல் மேலே ஏறியிருந்தால் நாக் மாட்டும் இடத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது ரெஸ்டை ஏற்றுங்கள். கீழே இருந்தால் அதற்கு நேரெதிர். பக்கவாட்டில் கிழிந்தால் உடனே ரெஸ்டைத் தொடாதீர்கள். கையை மறுபடி வைத்து ஐந்தாறு முறை எய்து, அதே பக்கம் அதே அளவு கிழிந்தால்தான் வில்லின் பிரச்சினை.

கடைசியாக இறகில்லா அம்பு. 20 மீட்டரில் மூன்று இறகுள்ள அம்பு, இரண்டு இறகில்லா அம்பு. இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்டை வலப்பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்த்துங்கள். வலப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் நோட்டில் எழுதிவிட்டு. ரெஸ்டையும் நாக் மாட்டும் இடத்தையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது.

9. சைட், கடைசியாக

முதலில் பபுள், அதாவது ஸ்கோப்பில் இருக்கும் ரசமட்டக் குமிழி. வில்லை நேர்குத்தாக நிறுத்தி, ஸ்ட்ரிங் தூக்குக்குண்டு நூலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்போது ஸ்கோப்பின் பபுள் நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்கோப்பைத் திருத்துங்கள். வில் வலப்பக்கம் சாய்ந்தால் அம்பு வலப்பக்கம் போகும், தூரம் கூடக் கூட அதிகமாகப் போகும். 20 மீட்டரில் நடுவில், 50 மீட்டரில் ஓரத்தில் என்று வருபவர்கள் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

இப்போது திருகலாம். அம்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே சைட்டை நகர்த்த வேண்டும். அம்பு இடப்பக்கம் என்றால் சைட்டும் இடப்பக்கம், கீழே என்றால் கீழே. ஓர் அம்பைப் பார்த்துத் திருகாதீர்கள். ஆறு அம்புக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். 20இல் சரியானதும் 30, 40, 50 என்று போய் ஒவ்வொரு தூரத்துக்கும் எண்ணை எழுதுங்கள்.

10. வெயில், காற்று

சோதனை எல்லாம் காலையில் செய்யுங்கள். கோடையில் நடுப்பகலை ஒட்டிக் கடல்காற்று புகுந்துவிடும். திடல் வடக்கு நோக்கி இருந்தால் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும், அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். காலை ஏழு மணிக்கு வைத்த சைட் மதியம் ஒரு மணிக்கு 'ஓடிப்போவது' பல நாள் இதனால்தான். அப்போது சைட்டைத் திருகுவதை விட, குறியைக் கொஞ்சம் வலப்பக்கம் வைத்து எய்யப் பழகுங்கள். காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும், திருகு அதன் பின்னால் ஓட முடியாது.

கத்திரி வெயிலில் மூடிய காருக்குள்ளோ தகர ஷீட்டுக்குக் கீழேயோ வில்லை விடாதீர்கள். சூட்டில் ஸ்ட்ரிங் நீண்டால் பீப் சுழலும், கேம் டைமிங் மாறும், இழுவிசையும் மாறும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நனைந்த வில்லை உறைக்குள் அப்படியே மூடி வைக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் காய வையுங்கள்.

11. கடைக்குக் கொண்டுபோக வேண்டியவை

லிம்பில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அதற்கு மேல் ஓர் அம்பு கூட எய்யாதீர்கள். பஞ்சுத் துண்டால் லிம்பை நீவினால், விரிசல் இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். கேம் விளிம்பில் பள்ளம், ஸ்ட்ரிங்கில் அறுந்த இழை, உள்நூல் தெரியும் சர்விங், டைமிங் திருத்தம் என்று இவை எல்லாம் பிரஸ் வைத்திருப்பவரின் வேலை. கொண்டுபோகும்போது உங்கள் நோட்டையும் எடுத்துப் போங்கள். 'சரியா அடிக்க மாட்டேங்குது' என்பதை விட, 'பிரேஸ் ஹைட் கால் அங்குலம் குறைஞ்சிருக்கு, மேல் கேம் முன்னாடி முட்டுது' என்று சொன்னால் அவருக்கும் வேலை சீக்கிரம் முடியும், உங்களுக்கும் செலவு குறையும்.

புது ஸ்ட்ரிங் போட்டு வாங்கினால் முதல் சில நூறு அம்பு வரை அது லேசாக நீண்டு படியும். அதுவரை பீப்பை நிரந்தரமாகக் கட்ட வேண்டாம், 50 மீட்டர் எண்களையும் எழுத வேண்டாம். படிந்த பிறகு 5ஆம் படியின் மூன்று அளவுகளையும் புதிதாக எடுத்து, பழைய எண்களை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.